மேலிதழ், கீழிதழ்

கம்மு தன் வாழ்க்கையின் முக்கியமான வாக்கியத்தைச் சொல்ல நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தாள். அம்மாவின் வாயில் நூல் இருக்கும் நேரம்.

புருவம் திருத்தும்போது நூலின் ஒரு நுனியை அம்மா பல்லில் கடித்துக்கொள்வாள். மீதி நூல் இரண்டு கை விரல்களிலும் முறுக்கிக் கிடக்கும். அந்த நாலைந்து நிமிடம் அவளால் திட்ட முடியாது, தலையில் குட்ட முடியாது, வாடிக்கையாளரின் நெற்றியிலிருந்து கண்ணைக்கூட எடுக்க முடியாது. வீட்டின் பெரிய செய்திகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் சொல்லப்பட்டிருந்தன. அப்பா தன் ஸ்கூட்டரைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டதும் அப்படித்தான் தெரிய வந்தது. அன்று ஒரு பெண் ஒரு புருவம் மெலிந்தும் மற்றது தடித்தும் வீட்டுக்குப் போனாள்.

கம்மு என்பது அவள் பெயர் இல்லை. எப்போதும் கம்மென்று இருப்பதால் ஒட்டிக்கொண்டது. பேசக் கூடாது என்று அவள் எந்த சபதமும் எடுக்கவில்லை. சரியான சொல்லைத் தேடி எடுத்து, தூசி தட்டி, வாய் வரை கொண்டு வருவதற்குள் பேச்சு நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். அதன் பின்னால் ஓடுவது கௌரவமாக இல்லை என்று விட்டுவிடுவாள்.

இதில் அவளுக்கு ஒரு லாபமும் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் பார்லரில் மூலை நாற்காலியில் உட்காருவாள். முகத்தில் களிம்பு பூசி, கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்கள் யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் உணர்வார்கள். அந்த யாரோ ஒன்றும் கேட்க மாட்டாள். அதனால் அவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். குழாயில் வரும் தண்ணீர் எந்தத் தெருவில் மஞ்சளாக இருக்கிறது, எந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஆறு மாதமாக வரவில்லை, எந்த அலுவலகத்தில் மேலதிகாரி நாற்காலியிலேயே தூங்குகிறார் என்று கம்முவின் நோட்டில் நாற்பது பக்கம் சேர்ந்திருந்தது. இதை எழுதுவதே ஒரு வேலை, அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்தபோது பன்னிரண்டாம் வகுப்பு முடிய மூன்று மாதம் இருந்தது.

கஷ்டம் என்னவென்றால் அந்த வீட்டில் பத்திரிகை என்ற சொல்லுக்கே இடமில்லை.

அது பழைய புண். பார்லர் திறந்த வருடம், அம்மா ஒரு வாரப் பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் கொடுத்தாள். ‘மணப்பெண் அலங்காரத்துக்கு எங்களை நாடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தாள். அது ‘மணப்பெண் அலங்கோலத்துக்கு எங்களை நாடுங்கள்’ என்று வந்தது. கொட்டை எழுத்தில், அம்மாவின் புகைப்படத்துக்குக் கீழே. தெருவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, “அக்கா, அலங்கோலம் எப்ப ஆரம்பிக்கறீங்க?” என்று கேட்டார்கள். அம்மா பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். “அடுத்த வாரம் திருத்தம் போட்டுடறோம்மா” என்றார்கள். போட்டார்கள். பதினோராம் பக்கத்தில், தொலைந்துபோன நாய் விளம்பரத்துக்கு அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில். அன்றிலிருந்து கண்ணாடி துடைக்கக்கூட அந்தப் பார்லரில் பத்திரிகைத் தாள் கிடையாது. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த அப்பா மட்டும், சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்து, மகளுக்காகத் தினம் ஒரு பத்திரிகை கடத்தி வந்தார்.

அதனால் கம்மு வேறு சொல் தேடினாள். கல்லூரி விண்ணப்பத்தில் அது அழகாக அச்சாகியிருந்தது. நூல் இறுகியதும், சொன்னாள்.

“அம்மா. நான் இதழியல் படிக்கலாம்னு இருக்கேன்.”

அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு இடது புருவம் முழுவதும் முடியும் வரை நூல் ஓடியது. கம்மு சுவரில் இருந்த கூந்தல் எண்ணெய் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா நூலைத் துப்பினாள்.

“உதட்டுக்குன்னு தனியா படிப்பே வந்துடுச்சாடி?”

கம்மு வாயைத் திறந்தாள். ஆனால் நாற்காலியில் படுத்திருந்த பெண் முந்திக்கொண்டாள். “இப்ப எல்லாத்துக்கும் வந்துடுச்சுக்கா. பல்லுக்கு இருக்கு, தோலுக்கு இருக்கு. உதடு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

“பட்டப் படிப்பா?”

கம்மு தலையை ஆட்டினாள். அது உண்மைதான்.

“மூணு வருஷமா?”

அதுவும் உண்மைதான்.

அம்மா திரும்பி நின்று, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தாள். கண் கலங்கியிருந்தது. “நான் அங்க இங்க நின்னு வேடிக்கை பாத்துக் கத்துக்கிட்டவ. ஒருத்தி சாயம் தடவறதை ஜன்னல் வழியாப் பாத்து, வீட்டுக்கு வந்து எந்தங்கச்சி மூஞ்சில தடவிப் பழகினவ. நீ அதையே உக்காந்து படிச்சுப் பட்டம் வாங்கப் போற.” கம்முவின் கன்னத்தை நூல் சுற்றிய விரல்களால் கிள்ளினாள். “வாயே திறக்க மாட்டேன்னு நினைச்சேன். திறந்தா முத்து கொட்டுது பாரு.”

அந்த முத்தை அள்ளித் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள ஏறக்குறைய ஒன்பது விநாடி அவகாசம் இருந்தது. கம்மு சொற்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்மா வாசலுக்குப் போய், எதிர்க்கடைக்காரியிடம் கையைத் தட்டிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் அப்பா மெதுவாகக் கேட்டார். “நீ சொன்னியா, அவளாப் புரிஞ்சுக்கிட்டாளா?”

“அம்மாவாத்தான்.”

“நீ திருத்தலையா?”

கம்மு பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் வீடு பூட்டியிருக்கிறது என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் போவார்கள். கடைசியில் அவர்தான், “பஸ் வராதுன்னு தெரிஞ்சாலும் நான் மைக்ல சொல்றதில்ல. கேட்டாத்தான் சொல்வேன்” என்றார். அது ஆறுதலா, குத்தலா என்று அவளுக்கு விளங்கவில்லை. பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களுக்கும் அவர் பேச்சு விளங்கியதில்லை.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும், வந்து கையெழுத்துப் போட வேண்டும், நான்கு மணிக்குள் அலுவலகக் கவுண்டரில் விண்ணப்பம் சேர வேண்டும். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டாள். அவள் பார்லரை அரை நாள் அடைத்துவிட்டு, தன் வேலையின் சிறப்பெல்லாம் தெரியும்படி உதட்டை எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

‘இதழியல் துறை’ என்று பலகை போட்ட அறையில் ஒரு நீள மேசை, இரண்டு அலமாரி, நின்றுபோன ஒரு கடிகாரம். அம்மா நாலு சுவரையும் பார்த்தாள். “கண்ணாடி ஒண்ணுகூட இல்லையேடி. எதைப் பாத்துச் சொல்லித் தருவாங்க?” என்று காதில் கேட்டாள். நடந்து வரும் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று கம்மு நினைத்தாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் நினைப்பு எப்போதும் இப்படிப் பின்னோக்கித்தான் நடக்கும்.

மேசைக்குப் பின்னால் துறைத் தலைவரும், ஒரு இளம் விரிவுரையாளரும் இருந்தார்கள். தலைவருக்கு ஒல்லியான உடம்பு, கனமான குரல். விரிவுரையாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

“பொண்ணு நல்ல மார்க். சந்தோஷம்” என்றார் தலைவர். “பொதுவா அப்பா அம்மா இந்தப் படிப்பு வேணாம்னுதான் சண்டைக்கு வருவாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டு வந்திருக்கீங்களேம்மா. உங்க வீட்ல யாராவது இந்தத் துறையில இருக்காங்களா?”

“யாராவது என்ன சார்? நானே பதினாறு வருஷமா இதுலதான் இருக்கேன்.”

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா! எந்த இதழ்?”

“ரெண்டும்தான் சார். மேலிதழ், கீழிதழ்.”

தலைவர் விரிவுரையாளரைப் பார்த்தார். அவள், ‘மாவட்டப் பதிப்புகளாக இருக்கும்’ என்று முணுமுணுத்தாள்.

“ரெண்டையும் ஒருத்தரே பாக்கறது கஷ்டமாச்சே.”

“மேலதான் கஷ்டம். கொஞ்சம் கோணினாலும் ஊரே பாத்துச் சிரிக்கும். கீழ அவ்வளவு தெரியாது, சமாளிச்சுடலாம்.”

“ரொம்ப உண்மைம்மா. மேல இருக்கறவங்களைப் பத்தினதுல ஒரு எழுத்துகூடக் கோணக் கூடாது.” தலைவர் உருகிப்போனார். “நிறம்? அதாவது, சார்பு உண்டா?”

“எங்ககிட்ட சிவப்புதான் அதிகம் ஓடும்.”

“ஓ. கொள்கைப் பிடிப்பு.”

“கொள்கையெல்லாம் இல்ல சார். வர்றவங்க முகத்தைப் பாப்போம். அவங்களுக்கு எது எடுக்குமோ அதைப் பூசி அனுப்புவோம்.”

தலைவர் நீண்ட பெருமூச்சு விட்டார். “இவ்வளவு வெளிப்படையா ஒத்துக்கிட்ட ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். விரிவுரையாளர் அதைக் குறித்துக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு” என்றாள் அம்மா. “எவ்வளவு நல்லாப் போட்டாலும் சாயங்காலத்துக்கு மேல நிக்கறதில்ல.”

“ஒரு டீ குடிச்சா போயிடும்” என்றார் தலைவர், செய்தி மறந்துபோகும் வேகத்தை நினைத்து.

“அதேதான் சார்! டீ குடிச்சா போயிடும்!”

இருவரும் ஒரே தொழிலில் தலை நரைத்தவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கம்முவுக்குப் பயம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ள இடம் போதவில்லை. இப்படியே இன்னும் ஐந்து நிமிடம் போனால் போதும். அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள். வகுப்பு தொடங்கி, அம்மாவுக்குத் தெரிய வரும்போது முதல் பருவமே முடிந்திருக்கும். பேசாமல் இருந்தால் போதும். உலகத்தில் அவளுக்கு மிக நன்றாக வரும் காரியம் அது ஒன்றுதான்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. நீ ஏதாவது சொல்றியாம்மா?”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெருமையாக அம்மா தன்னைப் பார்த்து கம்மு கண்டதில்லை. அந்தப் பார்வை தனக்கு வந்ததில்லை, வேறு யாரோ ஒரு மகளுக்கு வந்தது, விலாசம் தப்பி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது. அதைப் பிரித்துப் படிக்க அவளால் முடியவில்லை.

“ஒரு பிழை இருக்கு சார்” என்றாள்.

“எதுல?”

“எங்கம்மா அழகு நிலையம் வெச்சிருக்காங்க. அவங்க சொல்றது உதடு. நீங்க சொல்றது பத்திரிகை. எனக்குத் தெரியும். எனக்கு முதல் நாள்லேருந்து தெரியும்.”

அறையில் விழுந்த அமைதியை கம்மு பிறந்ததிலிருந்து பழகிய அமைதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் இதைச் சேர்க்க முடியாது. விரிவுரையாளர் தான் எழுதிய இரண்டு பக்கத்தையும் மெல்லத் திருப்பிப் படித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவரின் கண்கள் அம்மாவின் உதட்டுக்குப் போய், பதறி, நின்றுபோன கடிகாரத்தில் போய் உட்கார்ந்தன.

அம்மா கத்தவில்லை. கைப்பையின் பித்தளைக் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

“அப்ப இது பத்திரிகைக்காரங்களை உண்டாக்கற இடம்” என்றாள்.

“ஆமாம்மா” என்றார் தலைவர்.

“எத்தனை பேரு உண்டாக்கியிருக்கீங்க?”

“வருஷத்துக்கு நாப்பது.”

“போன வருஷ நாப்பதுல எத்தனை பேரு பத்திரிகைல இருக்காங்க?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “பலர்…”

“பலர்னா?”

“பதினோரு பேர்.”

“மிச்சம் இருபத்தொன்பது?”

விரிவுரையாளர் உதவிக்கு வந்தாள். “விளம்பர நிறுவனம், வங்கி, சிலர் மேல்படிப்பு…”

“நீங்க என்ன படிச்சீங்க சார்? இதேதானா?”

தலைவர் கொஞ்சம் தயங்கினார். “நான் தாவரவியல்மா.”

“செடி கொடியா?”

“ஆமா. பயிருக்கு ஒரு நோய் வந்தது. அதைப் பத்தி யாரும் சரியா எழுதல. எனக்கு விஷயம் தெரியும், அதனால எழுதினேன். அப்படியே இந்தப் பக்கம் வந்துட்டேன். எழுதற வேலையை நாங்க கத்துக் குடுத்துடுவோம்மா. எதைப் பத்தி எழுதறதுங்கறதுதான் நிறையப் பேர்கிட்ட இருக்கறதில்ல. அதுக்குத்தான் கூடவே ஒரு துணைப்பாடம் எடுக்கணும்னு வெச்சிருக்கோம். உங்க பொண்ணு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கா.”

“இலக்கியமா, பொருளியலான்னு யோசிக்கிறேன் சார்” என்றாள் கம்மு.

“யோசிச்சது போதும், எந்திரிடி” என்றாள் அம்மா.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. எதிர்ப்பக்கம் அலுவலகக் கவுண்டர். கவுண்டருக்குள் ஒரு எழுத்தர் ரப்பர் முத்திரைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் இருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று இருபது.

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“சொன்னா வேண்டாம்னு சொல்லிருப்பே.”

“சொல்லிருப்பேன். ரெண்டு நாள் சொல்லிருப்பேன். கத்திருப்பேன், உங்கப்பாவைத் திட்டிருப்பேன், சாப்பிடாம படுத்திருப்பேன். மூணாம் நாள் சரின்னிருப்பேன். அந்த ரெண்டு நாளை நீ எனக்குக் குடுக்கவே இல்லையேடி.”

கம்மு எழுத்தரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மணி என்ன?”

“மூணு இருபத்திரண்டு.”

“நாலு வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. இப்ப நான் வேண்டாம்னு சொல்லப் போறேன். நீ குறுக்க பேசாத.”

குறுக்கே பேசாத என்று கம்முவிடம் யாரும் இதுவரை சொல்ல நேர்ந்ததில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அம்மா தொடங்கினாள். முதல் பத்து நிமிடம் பத்திரிகைக்காரர்கள். பொய்யர்கள், சோம்பேறிகள், நாய்க்குக் கீழே மனுஷியைப் போடுகிறவர்கள். அடுத்த ஐந்து நிமிடம் அப்பா. “சாப்பாட்டுப் பை தினம் மை நாத்தம் அடிக்குமே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்?” பிறகு தன் தம்பிக்குப் போன் செய்தாள். மாமாவின் குரல் கம்முவுக்கே கேட்டது. “அக்கா, படிக்கட்டுமே” என்றதும், “நீ வெச்சுடுடா” என்று துண்டித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். அழும்போதும் கர்ச்சீப்பின் நுனியால் கண் மை கரையாமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். எழுத்தர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

பிறகு ஒன்றும் பேசாமல் இருந்தாள். சாப்பிடாமல் படுத்திருக்கும் கட்டம் இதுவாக இருக்க வேண்டும். மூன்று நாற்பத்தாறு. கம்மு காத்திருந்தாள். பேசாதவர்கள் பக்கத்தில் உட்காருவது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

“இலக்கியம் எதுக்குடி?” என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

கம்மு தோளைக் குலுக்கினாள்.

“பார்லர்ல ஒரு வெள்ளை டப்பா க்ரீம் இருக்கே, நிறம் ஏத்தறது. பதினாறு வருஷமா ஊர் மூஞ்சி பூரா தேய்க்கறேன். அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. டப்பாவுல எறும்பு மாதிரி பொடி எழுத்துல என்னவோ போட்டிருக்கான். கொண்டு வர்றவனைக் கேட்டா, ‘இயற்கைக்கா’ங்கறான். போன மாசம் ஒரு பொண்ணுக்குக் கன்னம் வெந்த மாதிரி ஆயிடுச்சு. நான் மறுபடி வரச் சொன்னேன். வரல. அதை எவனாவது எழுதறானா? எழுதினா நான் வாங்கிப் படிப்பேன்.”

“எந்தப் பொண்ணு?” என்றாள் கம்மு.

“பேங்க்ல இருக்குமே.”

“எந்த நாளு? அந்த டப்பா இன்னும் இருக்கா? கொண்டு வர்றவர் எங்கேருந்து எடுக்கறாரு?”

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். “அடேங்கப்பா. ஒரே மூச்சுல மூணு. இத்தனை வருஷம் இதெல்லாம் எங்கடி வெச்சிருந்த?”

“டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதம்மா.”

“சரி சரி. எறும்பெழுத்தைப் படிக்கறதுக்கு என்ன படிக்கணும்?”

கம்முவுக்கு விடை தெரியும். தெரிந்ததால்தான் அவள் முகம் தொங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் அவளைக் கடைசி வரை பயமுறுத்திய பாடம் அது. சோதனைக் குழாயைத் தொட்டாலே அது உடைந்துவிடும். “வேதியியல்” என்றாள், பல் பிடுங்கிக் கொடுப்பவள்போல.

“எழுது.”

“அம்மா, அது வராதும்மா எனக்கு.”

“எனக்கு மட்டும் உன் பத்திரிகை வருதா? நான் முழுங்கலையா? நீயும் முழுங்கு.”

கம்மு பேனாவைத் திறந்தாள். காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள். மூன்று ஐம்பத்தைந்து. அம்மா விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, உதட்டை ஒருமுறை அழுத்திச் சரிசெய்துகொண்டு, கவுண்டருக்கு நடந்தாள். அங்கேயே நின்று பெற்றோர் பகுதியை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, கண்ணாடித் தடுப்பின் கீழ் தள்ளினாள்.

எழுத்தர் படித்தார். மறுபடி படித்தார். ‘இந்தப் படிப்பில் சேரப் பெற்றோருக்குச் சம்மதமா?’ என்ற வரியின்மேல் விரலை வைத்தார்.

“அம்மா, ‘இல்லை’யிலயும் டிக் பண்ணியிருக்கீங்க, ‘ஆம்’லயும் டிக் பண்ணியிருக்கீங்க.”

“ஆமா.”

“ஏதாவது ஒண்ணுதான் போடணும்.”

“முதல்ல இல்ல. அப்புறம் ஆமா. அந்த வரிசையில படிங்க.”

“அடித்துத் திருத்தினா ஏத்துக்க மாட்டோம்னு மேலயே போட்டிருக்கு.”

“நான் எங்க சார் அடிச்சேன்? ரெண்டையும் முழுசா வெச்சிருக்கேன் பாருங்க.”

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் உதவி கேட்பதுபோல கம்முவைப் பார்த்தார். “நீ சொல்லும்மா. இதுல எது சரி?”

“ரெண்டும் நடந்தது சார்” என்றாள் கம்மு. “நான் கூடவே இருந்தேன்.”

அவர் எடுத்த முத்திரையைக் கீழே வைத்தார். பிறகு ‘இல்லை’யின் பக்கத்தில் பென்சிலால் ஒன்று என்றும், ‘ஆம்’ பக்கத்தில் இரண்டு என்றும் சின்னதாக எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.